மாதிரி மாகாண சபை: நடத்துவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையோ இளைஞர் கழகமோ "மாதிரி மாகாண சபை நடத்தப்போகிறோம்" என்று சொன்னால் பெரும்பாலும் நடப்பது இதுதான். மண்டபத்தில் கதிரைகளை இரண்டு பக்கமாகப் போடுவார்கள். நன்றாகப் பேசும் பிள்ளை முதலமைச்சர். அதைவிடச் சத்தமாகப் பேசும் பிள்ளை எதிர்க்கட்சித் தலைவர். காணி, கடல், வேலையின்மை எல்லாவற்றுக்கும் மத்தியானத்துக்குள் தீர்மானம் நிறைவேறிவிடும். கைதட்டல், சோற்றுப் பார்சல், குழுப்படம். பேச்சுப் போட்டி என்று பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற பிள்ளையை மறித்து "உங்கள் ஒழுங்கையில் உள்ள குழியை மூட வேண்டியது யார்?" என்று கேட்டால் பதில் வராது.

அந்தப் பதிலைச் சொல்லத் தெரிந்த பிள்ளையை உருவாக்குவதுதான் இந்தப் பயிற்சியின் வேலை என்பது என் எண்ணம். அதற்கு மாகாண சபை என்ன செய்யலாம் என்பதைவிட, எந்த இடத்தில் அதன் கை நின்றுவிடுகிறது என்பதைக் காட்ட வேண்டும்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது

முதல் காரணம் தொலைக்காட்சி. எங்கள் வீடுகளில் ஓடும் செய்திகளில் முதலமைச்சர் என்றால் தமிழ்நாட்டு முதலமைச்சர்தான். 234 பேர் கொண்ட சட்டமன்றம், பொலிஸைத் தன் கையில் வைத்திருக்கும் அரசு, பெரிய அமைச்சரவை. அதே பெயரில் இங்கேயும் ஒரு பதவி இருப்பதால் அதே பலமும் இருக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களிலும் பாதிப்பேர் அப்படித்தான்.

இரண்டாவது காரணம், கண்ணால் கண்ட பழக்கம் இல்லை. 1988 இல் அமைந்தது வடக்கும் கிழக்கும் இணைந்த சபை; அது 1990 இல் கலைக்கப்பட்டது. 2006 இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்போடு இரண்டு மாகாணங்களும் பிரிந்தன. தனி வட மாகாணத்துக்கு நடந்த ஒரே தேர்தல் 2013 செப்டெம்பர் 21 இல் நடந்ததுதான். கைதடியில் கூடிய அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. அப்படியென்றால், 2013க்குப் பிறகு பதினெட்டு வயதானவர்கள், முப்பதை நெருங்கும் அண்ணாமார் அக்காமார் உட்பட, இங்கே மாகாண சபைக்கு ஒருமுறைகூட வாக்களித்ததில்லை.

மூன்றாவது, ஒரே ஊரில் பல அலுவலகங்கள். பிரதேச சபை நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்வது. பக்கத்து வீதியிலேயே இருக்கும் பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாக அலுவலகம். கச்சேரி எனப்படும் மாவட்ட செயலகமும் கிராம சேவகரும் அதே மத்திய அரசின் வரிசையில்தான் வருகிறார்கள். மாகாண சபை இவற்றில் எதுவுமில்லை. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் ஆரம்பிக்கும் மாதிரிச் சபை, ஆரம்பித்த இடத்திலேயே நிற்கும்.

திருவிழா உபயகாரரை நினைத்துக்கொள்ளுங்கள்

கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். அன்றைய நாள் அவருடையது. எந்த மேளம், என்ன பூ, எத்தனை பேருக்கு அன்னதானம், எல்லாம் அவர் தீர்மானிக்கலாம். ஆனால் கொடியேற்றம் எந்த நாள் என்பது அவர் கையில் இல்லை. சுவாமி வீதிக்கு வரும் பாதையை அவர் மாற்ற முடியாது. நகைப் பெட்டித் திறப்பு கோயில் நிர்வாகத்திடம் இருக்கும். நிர்வாகம் அனுப்பிய ஒருவர் உபயகாரருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

மாகாண சபை உபயகாரர். கொழும்பு கோயில் நிர்வாகம். பக்கத்தில் நிற்பவர் ஆளுநர். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக்கூடாது. உபயகாரர் தன் காசில் திருவிழா செய்வார். மாகாண சபையோ பெரும்பகுதிக் காசை நிர்வாகத்திடமே வாங்கித்தான் செய்ய வேண்டும்.

மூன்று நிரல்கள்

இனி உண்மையான பொறிமுறை. 1987 இல் அரசியலமைப்புக்கு வந்த 13 ஆவது திருத்தம்தான் மாகாண சபைகளை உருவாக்கியது. அதே ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம் நடைமுறைகளைச் சொன்னது. யாருக்கு எந்த வேலை என்பது அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மூன்று நிரல்களாக இருக்கிறது. நிரல் என்றால் விடயங்களின் பட்டியல்.

மாகாண சபை நிரலில் உள்ளவை மாகாணத்துக்குக் கொடுக்கப்பட்டவை: மாகாணப் பாடசாலைகள், வைத்தியசாலைகளில் பெரும்பகுதி, விவசாயம், கூட்டுறவு, சமூக சேவை, மாகாண வீதிகள், உள்ளூராட்சி மன்றங்களின் மேற்பார்வை. ஒதுக்கிய நிரலில் உள்ளவை கொழும்புக்கு மட்டும்: பாதுகாப்பு, வெளிநாட்டு அலுவல்கள், துறைமுகம் போன்றவை. ஒருங்கிய நிரலில் உள்ளவற்றில் இரண்டு பக்கமும் சட்டம் செய்யலாம், ஆனால் ஒருவரை ஒருவர் கலந்தாலோசிக்க வேண்டும். முட்டிக்கொண்டால் நாடாளுமன்றத்தின் சட்டமே நிற்கும்.

இங்கே பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டிய ஒரு வரி உண்டு. ஒதுக்கிய நிரலின் முதலாவது விடயமே "எல்லா விடயங்கள் பற்றியுமான தேசியக் கொள்கை". கல்வி மாகாணத்துடையது, கல்விக் கொள்கை கொழும்புடையது. சுகாதாரத்துக்கும் அதே கதைதான். இந்த ஒரு வரிக்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் ஒதுக்கினாலும் வீண்போகாது.

இன்னொரு வரியும் உண்டு. பொலிஸும் காணியும் மாகாண சபை நிரலில் எழுத்தில் இருக்கின்றன. ஆனால் பொலிஸ் அதிகாரம் எந்த மாகாணத்துக்கும் நடைமுறையில் கொடுக்கப்படவில்லை. காணியிலும் நிரலில் எழுதியதற்கும் நடப்பதற்கும் இடையில் பெரிய இடைவெளி. நிரலில் இருப்பது ஒன்று, கைக்கு வருவது இன்னொன்று.

நிரல்களைப் பாடமாக்க வைக்க வேண்டாம். வீதியில் இறக்குங்கள். ஏ9 போன்ற ஏ தர வீதிகளும் பி தர வீதிகளும் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. மிச்சமுள்ள உள்ளூர் வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபைக்கோ நகர, மாநகர சபைக்கோ உரியவை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழியைப் படம் எடுத்துக்கொண்டு வரட்டும். சுவரில் மூன்று தாள் ஒட்டி, எந்தக் குழி எந்தத் தாளுக்குப் போகும் என்று பிரிக்க வையுங்கள். வைத்தியசாலைகளையும் இப்படியே செய்யலாம்: யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ், ஊர்களில் உள்ள பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். தேசிய பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்குத் தன் பாடசாலை மாகாணத்துடையது இல்லை என்று தெரிய வருவதும் அன்றைக்குத்தான்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: மாகாண சபைக்குத் தனி வேலைகள் உண்டு, அவை ஒரு நிரலில் உள்ளன, அந்த நிரலுக்கு மேலே கொழும்பின் கொள்கையும் சட்டமும் நிற்கின்றன.

ஆளுநரை யார் தெரிவு செய்வது? யாரும் இல்லை

இணையத்தில் தேடினால் இளைஞர் மாதிரி அரசுக்குக் கிடைக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவுடையவை. அங்கே முன்னாள் படையினரின் சங்கமான அமெரிக்கன் லீஜன் 1935 இல் இல்லினோய் மாநிலத்தில் 'பாய்ஸ் ஸ்டேட்' என்ற முகாமைத் தொடங்கியது. பெண் பிள்ளைகளுக்கான முகாம் 1937 இல் வந்தது. பிள்ளைகள் கற்பனைக் கட்சிகளில் சேர்ந்து, நகர மட்டத்திலிருந்து மேலே போய், கடைசியில் தங்கள் ஆளுநரை வாக்குப் போட்டுத் தெரிவு செய்வார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் கடைசிப் படியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எல்லாம் பிழைக்கும். அமெரிக்க மாநில ஆளுநர் மக்களின் வாக்கில் வருபவர். எங்கள் மாகாண ஆளுநரை சனாதிபதி நியமிக்கிறார். சனாதிபதி விரும்பும்வரைதான் அவர் பதவியில் இருப்பார்.

அதைவிட முக்கியம் நிறைவேற்று அதிகாரம், அதாவது எடுத்த முடிவை நடைமுறைப்படுத்தும் அதிகாரம். அரசியலமைப்பு அதை ஆளுநரிடம் கொடுத்திருக்கிறது. அவர் அதை நேரடியாகவோ, அமைச்சர்கள் மூலமோ, தனக்குக் கீழுள்ள அலுவலர்கள் மூலமோ செலுத்தலாம். பொதுவாக அமைச்சர் வாரியத்தின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. தன் தற்றுணிபில், அதாவது தானே முடிவெடுத்து, செய்யலாம் என்று விட்ட இடங்களும் உண்டு. அமைச்சர் வாரியம் என்பது முதலமைச்சரும் அவரோடு அதிகபட்சம் நான்கு அமைச்சர்களும். அவ்வளவுதான், ஐந்து பேர். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அமைச்சுப் பதவி பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தை இங்கேயே நிறுத்திவிடலாம்.

"சேர், அப்ப முதலமைச்சர் என்னதான் செய்யிறது?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் விளக்கியது போதவில்லை. சபையில் பெரும்பான்மையை வைத்திருக்கிறார், ஆளுநருக்கு ஆலோசனை சொல்கிறார், அமைச்சர்களின் பெயர்களைக் கொடுக்கிறார். ஓர் அமைச்சரை நீக்குவது அவரா ஆளுநரா என்ற கேள்வி வடக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பெரியவர்களுக்கே வழக்காடித் தெளிய வேண்டியிருந்த இடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம், தவறில்லை.

ஆகவே மாதிரிச் சபையில் ஆளுநருக்குத் தேர்தல் வேண்டாம். வெளியாள் ஒருவரைக் கொண்டுவாருங்கள். ஓய்வுபெற்ற நிர்வாக சேவை அலுவலர் ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். அவருக்குக் கோப்பு எப்படி நகரும், எங்கே நிற்கும் என்பது கைவந்த கலை. மண்டபத்தின் மூலையில் தனியாக ஒரு மேசை போட்டு 'கொழும்பு' என்று எழுதி வையுங்கள். சனாதிபதி, நாடாளுமன்றம், நிதி ஆணைக்குழு, உயர் நீதிமன்றம் எல்லாம் அந்த மேசையில் நான்கைந்து பேர். என்னைக் கேட்டால், கெட்டிக்காரப் பிள்ளைகளில் பாதியை அங்கே இருத்த வேண்டும்.

38 கதிரைகளும் அவற்றுக்கு ஆள் தேடுவதும்

2013 சபையில் 38 உறுப்பினர்கள். யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, மன்னார் 5, முல்லைத்தீவு 5, கிளிநொச்சி 4 என்று 36. மாகாணத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு மேலதிகமாக 2. இந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உயர்தர வகுப்பு இரண்டைச் சேர்த்தாலே கதிரைகள் நிரம்பிவிடும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மட்டும் சேர்ந்து நடத்தும்போது ஒரு சிக்கல் வரும். எல்லோரும் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று தங்கள் ஊரையே பேசுவார்கள். சீட்டுக் குலுக்கி மாவட்டத்தைக் கொடுங்கள். முல்லைத்தீவு விழுந்த பிள்ளை முல்லைத்தீவைப் படித்துக்கொண்டு வரட்டும். மன்னாரில் முஸ்லிம் வாக்காளர்கள், வவுனியா தெற்கில் சிங்கள வாக்காளர்கள் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் கணக்கில் வரும்.

உண்மையான கட்சிகளின் பெயரோ சின்னமோ வேண்டவே வேண்டாம். வந்த அன்றே பிள்ளைகளின் அப்பாமார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கடகம், சுளகு, உலக்கை என்று மூன்று சின்னம் போதும்.

தேர்தல் விகிதாசார முறை, அதாவது விழுந்த வாக்கின் அளவுக்கு ஏற்ப ஆசனம். எளிமையாக்கிச் செய்தால்: 80 பேர் வாக்களிக்கிறார்கள், 16 ஆசனம், ஆகவே ஓர் ஆசனத்துக்கு 5 வாக்கு. கடகத்துக்கு 43, சுளகுக்கு 26, உலக்கைக்கு 11. ஐந்தால் வகுத்தால் 8, 5, 2. பதினைந்து ஆசனம் போய்விட்டது. மிச்சமுள்ள ஒன்று, வகுத்துப் போக அதிக வாக்கு மீந்திருக்கும் கடகத்துக்கு. எந்தக் கட்சிக்கு எத்தனை என்று முடிந்த பிறகு, அந்தக் கட்சிக்குள் யார் என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். ஒரு வாக்காளர் தான் தெரிவு செய்த கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை அடையாளமிடலாம். ஒரே கட்சிக்காரர் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்பது ஏன் என்று இதைச் செய்து பார்த்தால் புரியும்.

அவையை நடத்த அவைத்தலைவர் ஒருவரும் பிரதி அவைத்தலைவர் ஒருவரும் வேண்டும். செங்கோல் செய்யக் காசு செலவழிக்காதீர்கள்.

ஒரு நியதிச் சட்டம் போகும் வழி

மாகாண சபை செய்யும் சட்டத்துக்கு நியதிச் சட்டம் என்று பெயர். தீர்மானம் வேறு. தீர்மானம் சபையின் கருத்து மட்டும். அதனால் யாரையும் கட்டுப்படுத்த முடியாது. பிள்ளைகள் அரை நாளில் பத்து நிறைவேற்றுவது தீர்மானங்களைத்தான். இரண்டு நாளில் ஒரே ஒரு நியதிச் சட்டத்தை முடித்தால் போதும்.

எதை எடுப்பது? இந்திய இழுவைப் படகுகளைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். கேட்கட்டும், நிரலோடு வைத்துப் பார்க்கட்டும். ஆட்புல நீருக்கு, அதாவது கரையை ஒட்டி நாட்டுக்கு உரிய கடலுக்கு, வெளியே நடக்கும் மீன்பிடியைத் தவிர்த்த கடற்றொழில் ஒருங்கிய நிரலில் இருக்கிறது. ஆனால் பிற நாட்டுப் படகு என்றவுடன் வெளிநாட்டு அலுவலும் பாதுகாப்பும் வந்துவிடும்; இரண்டும் ஒதுக்கிய நிரல். இழுவைமடித் தடையும் 2017 இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தத்தால் வந்ததுதான். ஆகவே இதில் சபையால் முடிவது தீர்மானம்.

நான் சொல்வது மரக்கறிச் சந்தைக் கழிவு. விவசாயி கொண்டுவரும் பத்துக் கிலோவில் ஒரு கிலோவைக் 'கழிவு' என்று தள்ளிவிட்டு மிச்சத்துக்கு மட்டும் காசு கொடுக்கும் வழக்கம் எங்கள் சந்தைகளில் நெடுநாள் முறைப்பாடு. கத்தரிக்காய் மூட்டையோடு விடிய வந்து நிற்கும் ஆளுக்கு அது அன்றைய கூலி. பிள்ளைகள் முதலில் ஒரே ஒரு வாசகம் எழுதிக்கொண்டு வருவார்கள்: "வட மாகாணத்தின் எந்தச் சந்தையிலும் கழிவு எடுக்கக் கூடாது." சரி, யார் எடுக்கக் கூடாது? சந்தை பிரதேச சபையுடையது. அதை வருடக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர். உள்ளே வாங்குகிற வியாபாரி இன்னொருவர். மீறினால் தண்டனை யாருக்கு, அறவிடுவது யார்? தராசு சரியா என்று பார்ப்பது மத்திய அரசின் அளவீட்டு அலகுகள் திணைக்களம். அந்தப் பக்கம் கைவைக்க முடியுமா? அழுகின காயை உண்மையாகவே கொண்டுவந்தால் வியாபாரி என்ன செய்வார்? ஒரு வரி பன்னிரண்டு வாசகமாக நீளும். அந்த நீளத்தில்தான் சட்டம் என்றால் என்ன என்று பிள்ளை பிடிக்கிறது.

பிறகு சபையில் விவாதம், திருத்தங்கள், வாக்கெடுப்பு. நிறைவேறியவுடன் கைதட்டி முடித்துவிடாமல் ஆளுநரின் மேசைக்கு அனுப்புங்கள். அவருக்கு முன்னால் இரண்டு வழி. சம்மதம் கொடுக்கலாம், கொடுத்தால் சட்டம். அல்லது மீளாய்வு செய்யும்படி செய்தியோடு திருப்பி அனுப்பலாம். சபை திருத்தியோ திருத்தாமலோ மறுபடி நிறைவேற்றி அனுப்பினால், இரண்டாம் முறை அவர் சம்மதிக்கலாம், இல்லையென்றால் சனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்துக்குப் போகும்படி ஒதுக்கி வைக்கலாம். அதற்கு ஒரு மாத எல்லை உண்டு. அரசியலமைப்புக்கு முரணில்லை என்று நீதிமன்றம் சொன்னால் ஆளுநர் சம்மதித்தே ஆக வேண்டும். பயிற்சியில் ஆளுநர் முதல் முறை கட்டாயம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று முன்னமே பேசி வையுங்கள். பிள்ளைகளுக்குக் கோபம் வரும். கோபத்தோடு திருத்த உட்காரும்போது வேலை நன்றாக நடக்கும்.

சுருக்கமாக: தீர்மானம் பேச்சோடு நிற்கும், நியதிச் சட்டம் நிரலில் இடம் தேடி, சபையைத் தாண்டி, ஆளுநரின் சம்மதத்தோடுதான் உயிர் பெறும்.

காசு

மாகாணத்துக்குச் சொந்த வருமானம் உண்டு: வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் போன்றவை. செலவோடு பார்த்தால் அவை சிறியவை. பெரிய பங்கு மத்திய அரசின் நன்கொடையாக வருகிறது. எந்த மாகாணத்துக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதி ஆணைக்குழு. வரும் காசில் பெரும்பகுதி ஆசிரியர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் சம்பளமாகப் போய்விடும். அதோடு, மாகாண நிதியைத் தொடும் நியதிச் சட்டத்தை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் சபையில் கொண்டுவரவே முடியாது.

விளையாட்டுக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. உண்மையான பாதீட்டு எண் என்று எடுக்க வேண்டாம். அமைச்சர் வாரியத்திடம் நூறு ரூபாய் கொடுங்கள். எழுபத்தைந்தைச் சம்பளம் என்று உடனே திருப்பி வாங்கிவிடுங்கள். மிச்ச இருபத்தைந்துக்கு ஐந்து மாவட்டமும் சண்டை பிடிக்கட்டும். நடுவில் 'கொழும்பு' மேசையிலிருந்து ஒரு கடிதம் வரட்டும்: இந்தத் தவணை ஐந்து ரூபாய் பிந்தும்.

சபை இல்லாத பின்னேரம்

இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சபையின் காலம் முடிந்ததாக அறிவியுங்கள். 38 பேரும் எழுந்து பொதுமக்கள் கதிரைக்குப் போக வேண்டும். மேடையில் ஆளுநர், பிரதம செயலாளர், அமைச்சுகளின் செயலாளர்கள் மட்டும். பிரதம செயலாளர் மாகாண நிர்வாகத்தின் தலைமை அலுவலர். அவரை முதலமைச்சரின் இணக்கத்தோடு சனாதிபதி நியமிப்பார். முதலமைச்சர் இல்லாத காலத்தில் இணக்கம் கேட்க ஆளில்லை.

இப்போது அதே கழிவுப் பிரச்சினையோடு விவசாயியாக நடிக்கும் பிள்ளை வரட்டும். ஆளுநர் முறைப்பாட்டைக் கேட்பார், அலுவலர்களுக்குப் பணிப்புரை கொடுப்பார். சில வேளை காலையில் சபை எடுத்த நேரத்தைவிட விரைவாகவே கொடுப்பார். அதையும் மறைக்காமல் நடக்க விடுங்கள். புதிய நியதிச் சட்டம் மட்டும் செய்ய முடியாது, செய்ய வேண்டிய சபை இல்லை. ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று அவையில் எழுந்து கேட்கவும் ஒருவருக்கும் இடமில்லை.

இந்தப் பகுதிக்கு முக்கால் மணித்தியாலம் போதும். ஆனால் அதற்குப் பிறகு வரும் கலந்துரையாடலுக்கு ஒரு மணித்தியாலமாவது விடுங்கள், பிள்ளைகள் கடைசி பஸ்ஸைத் தவறவிடாதபடி மூன்றரைக்குள் தொடங்கினால் நல்லது. காலையில் எதிரெதிராக நின்ற கடகமும் சுளகும் அநேகமாக அங்கே ஒரே பக்கம் பேசத் தொடங்கும். சில பிள்ளைகள் ஆளுநரின் வேகமே நல்லது என்றும் சொல்லும். அவர்களையும் முழுதாகப் பேச விடுங்கள்.